மலையேறும்போது மட்டும் வரும் நோய்

சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்களில் சிலருக்கு, மேட்டில் முழு பலத்தோடு மிதிக்கும்போது ஒரு கால் மட்டும் செத்துப்போகும். அதை வலி என்று சொல்ல முடியாது. தொடையிலிருந்து பாதம்வரை கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இறங்கி நின்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். டாக்டரிடம் போனால் எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கும். அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், நீங்கள் அவர் முகத்தைப் பார்ப்பீர்கள். அப்படிப்பட்ட யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், காசா பணமா.

என் பெயர் மணிகண்டன். ஊர் திருவனந்தபுரம். அப்பாவுக்குப் பழவங்காடியில் பாத்திரக் கடை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா வந்து வைத்தது. அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். நானும் மனைவி உமாவும் கழக்கூட்டத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. எனக்குச் சைக்கிள் வேலை. இப்படிச் சொன்னால் "கடை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். பஞ்சர் ஒட்டுகிற வேலை இல்லை, ஓட்டுகிற வேலை. ஓர் அணி எனக்குச் சம்பளம் கொடுத்து ஓட்டச் சொல்கிறது.

நான் நின்றுபோன பந்தயம் பல நாள் பந்தயம். கோயம்புத்தூர்ப் பக்கம் தொடங்கி, மலைகளை ஏறி இறங்கி, கடைசி நாள் திருவனந்தபுரத்தில் முடிகிறது. ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யார் குறைவான நேரத்தில் வந்தானோ அவன் மொத்தப் பந்தயத்தையும் ஜெயிப்பான். எங்கள் அணியில் ஜெயிக்க வேண்டியவன் ஜிதின், கோழிக்கோட்டுக்காரன். மற்ற எல்லாரும் அவனுக்கு வேலைக்காரர்கள். அவனுக்கு முன்னால் ஓட்டி எதிர்க்காற்றை நான் வாங்கிக்கொள்வேன், பின்னால் வருகிற அவனுக்கு மிதிப்பது எளிது. இதைத்தான் இழுப்பது என்போம். பின்னால் வருகிற அணியின் காருக்குப் போய், சட்டைக்குள் முதுகிலும் நெஞ்சிலும் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி மறுபடி முன்னால் வந்து ஆளுக்கொன்று கொடுப்பேன். அவன் சக்கரம் பஞ்சரானால் என் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பேன். மலை வந்தால் என் மூச்சு தீரும்வரை அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டு ஒதுங்குவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நான் நல்ல வேலைக்காரன்.

பார்க்கிறவர்களுக்கு இது வீரம். உள்ளே இருக்கிறவனுக்கு முதல் இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு மந்தம் வந்துவிடும். எழுப்புவார்கள், எடை பார்ப்பார்கள், பசி இல்லாவிட்டாலும் காலையிலேயே ஒரு குவியல் சோறும் முட்டையும் தின்னவேண்டும். ஓட்டி முடித்ததும் ஒருவர் துண்டு தருவார், ஒருவர் குடிக்கத் தருவார், ஒருவர் காலை நீவிவிடுவார், துணியை வேறொருவர் துவைப்பார். முதல் மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போவோம், காலை வீணாக்கக் கூடாது. அறைக்குப் போய்ச் சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டு மல்லாந்து கிடப்போம். அப்போது உமாவிடம் போனில் பேசுவேன். "எந்த ஊருல இருக்கீங்க?" என்பாள். ஜன்னலை எட்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கும். சந்தோஷம், துக்கம், கோபம் எல்லாம் அந்த நாட்களில் உடம்புக்கு அதிகப்படி சுமை. கழற்றி வைத்துவிடுவோம்.

இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொரு வித்தை உண்டு. மேட்டில் பக்கத்தில் எதிர் அணிக்காரன் வந்தால் வாயை மூடிவிட வேண்டும். மூச்சை மூக்கால் விடவேண்டும். தோளைத் தளர்த்தி, ஏதோ காற்று வாங்க வந்தவன் மாதிரி பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். நமக்கு முடியவில்லை என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே வேகத்தைக் கூட்டி நம்மைத் தீர்த்துவிடுவான். அதனால் சாகக் கிடந்தாலும் முகத்தில் தெரியாது. எங்கள் அணியில் இந்த முகம் எனக்குத்தான் நன்றாக வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இடது கால் முந்தின வருஷமே தொடங்கிவிட்டது. நீளமான ஏற்றத்தில் மட்டும் மரத்துப்போகும். நான் யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பை வலது பக்கம் சற்றுச் சாய்த்து, வலது காலாலேயே பெரும்பாலும் மிதித்துச் சமாளிக்கப் பழகிக்கொண்டேன். சொன்னால் அடுத்த பந்தயத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் காரணம்.

பொன்முடி ஏறுகிற நாள் அந்தப் பந்தயத்தின் கடைசிக்கு முந்தின நாள். மழை. விதுரை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் நான் முன்னால் போய் ஜிதினை இழுக்கத் தொடங்கினேன். சில வளைவுகள்தான். இடது கால் போய்விட்டது. காதில் மாட்டிய ரேடியோவில் எங்கள் பயிற்சியாளர் தாமஸ் சார் கேட்டார்.

"மணி, காலு ஓக்கேயா?"

"ஓக்கே சார். கொழப்பமில்ல." பிரச்சினை ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜிதின் என்னைத் தாண்டிவிட்டான். ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு எல்லாரும் தாண்டினார்கள். நான் ஒற்றைக் காலால் மேலே போனேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நேர எல்லை உண்டு, அதற்குள் வராதவனுக்கு மறுநாள் கிடையாது. நான் மேலே சேர்ந்தபோது நேரம் தாண்டியிருந்தது. ஓர் அதிகாரி வந்து, முதுகில் குத்தியிருந்த எண் துணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "சாரி, மோனே" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பனியில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உமாவும் அப்பாவும் மேலேதான் இருந்தார்கள். உமா லீவு போட்டு வந்திருந்தாள். அப்பா கையில் ஒரு டிபன் கேரியர். கடையிலிருந்து வரும் வழியில் எடுத்து வந்தது, ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.

"என்ன டே, சைக்கிளு மக்கர் பண்ணிச்சா?" என்றார் அப்பா.

உமா என் இடது காலைத்தான் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்" என்றாள்.

முதலில் பார்த்த எலும்பு டாக்டர் முதுகுத் தண்டிலிருந்து வரும் நரம்பு அழுந்துகிறது என்று நினைத்தார். முதுகை ஸ்கேன் எடுத்தோம். அந்தக் குழாய்க்குள் கிடந்தபோது சத்தம் பலமாக இருந்தது, நான் தூங்கிவிட்டேன். முதுகு நன்றாக இருந்தது. பிறகு நரம்பில் சின்னச் சின்ன மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். நரம்பும் நன்றாக இருந்தது. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார். காத்திருக்கும் அறையில் என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வாக்கர் பிடித்து நடக்கிறவர்கள். பெயர் கூப்பிட்டதும் நான் சட்டென்று எழுந்து போனபோது, ஓர் அம்மாள் "கண்டா ஒண்ணும் இல்லாத்த போலயே இருக்கு" என்று மகளிடம் சொன்னது கேட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை.

ஓய்வெடுத்தேன். கால் நன்றாக இருந்தது. மறுபடி மேடு ஏறினேன், கால் போயிற்று. உமா அவள் ஆபீசில் யார் யாரிடமோ விசாரித்து, ரத்தக்குழாய்களுக்கான அறுவை மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடித்தாள். டாக்டர் மினி. மலையாளி, சென்னையில் படித்தவர், என்னிடம் தமிழிலேயே பேசினார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சும்மா இருக்கும்போ பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஓடும்போ பாக்கணும்" என்றார். அட்மிட் ஆகச் சொன்னார்.

மருத்துவமனை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. எழுப்பினார்கள், எடை பார்த்தார்கள், சாப்பிடச் சொன்னார்கள், சில வேளை சாப்பிட வேண்டாம் என்றார்கள், துணியை வேறொருவர் எடுத்துப்போனார். தள்ளுவண்டியில் லிஃப்டில் கூட்டிப்போனார்கள். எந்த மாடி என்று கேட்கத் தோன்றவில்லை. நான் பந்தயத்தில் எப்படிக் கிடப்பேனோ அப்படியே கிடந்தேன். நல்ல நோயாளி என்று நர்சுகள் சொன்னார்கள்.

அப்பா தினமும் கடையடைத்த பிறகு வருவார். ஒவ்வொரு தடவையும் இட்லியோ புளியோதரையோ, ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பாத்திரத்தில். வீட்டிலிருந்து கழுவி எடுத்து வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கிளம்பும்போது கடையில் எதைக் கை எட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்வார். என் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரி ஒரு சின்னப் பாத்திரக் கடை ஆயிற்று. துப்புரவுக்கு வருகிற அக்கா ஒருநாள் ஒரு தூக்குவாளியைக் காட்டி, "இது விக்கான் வச்சதா?" என்று கேட்டாள். அப்பா அதை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

ட்ரெட்மில்லில் வேகமாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் மினி, "நீங்க நடந்து ஜெயிக்கிற ஆளு இல்லை அல்லே? உங்க சைக்கிளைக் கொண்டு வாங்க" என்றார். உமா காரின் பின் சீட்டை மடக்கிப்போட்டு, சைக்கிளையும் அதை அசையாமல் நிறுத்தி ஓட்டும் ஸ்டாண்டையும் கொண்டு வந்தாள். மருத்துவமனை வராந்தாவில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

சோதனை எளிது. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள் இல்லையா, அதேபோல் கணுக்காலிலும் பார்க்கலாம். முடிந்த மட்டும் பலமாக மிதித்துவிட்டு, நிறுத்திய உடனே இரண்டு கணுக்காலிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் விழுந்திருந்தால் அந்தக் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். நான் மிதித்தேன். டாக்டரும் ஒரு டெக்னீஷியனும் என் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியர்வை ஸ்டாண்டுக்குக் கீழே குளமாயிற்று. முடித்ததும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இடதில் கொஞ்சம் குறைவு, ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

"இது நல்ல செய்தி, கேட்டோ" என்றார் டாக்டர். "ரெண்டு காலும் ஏறக்குறைய ஒரேபோல. ரத்தக்குழாய் கொழப்பமில்ல."

நான் சரி என்றேன். உமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். லிஃப்டுக்கு நின்றோம். லிஃப்ட் வந்தது. அவள் ஏறவில்லை.

"நீங்க அங்க ஒத்தக் காலுலதான சவுட்டுனீங்க" என்றாள். சவுட்டுவது என்றால் எங்கள் பக்கத்தில் மிதிப்பது.

"இல்லியே."

"நான் பின்னால இருந்து பாத்துட்டுல்லா இருந்தேன். இடுப்பு வலது பக்கம் போச்சு. வாயும் மூடிட்டு. மூக்கால மூச்சு விட்டுட்டு ஜன்னலப் பாக்குதீங்க. டாக்டரு என்ன, எதிர் டீமா?"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. முன்னால் ஒருவர் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் உடம்பு அதைத்தான் செய்யும், வேறொன்றும் அதற்குத் தெரியாது. உமா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"டாக்டரே, இவங்க நடிக்காங்க" என்றாள்.

"நடிப்போ?"

"வலிக்காத மாதிரி. அதான் இவங்க தொழிலு."

டாக்டர் மினி என் பக்கம் திரும்பினார். "நோய் இருக்குன்னு நடிக்கிறவங்களைத்தான் எனக்குத் தெரியும்" என்றார். மறுநாள் காலை மறுபடி வைத்துக்கொள்வோம் என்றார்.

மறுநாள் டாக்டர் பின்னால் நின்றார். முன்னால் உமா. என் இடுப்பு நகராமல் இருக்க டெக்னீஷியன் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "வாயத் தொறங்க" என்றாள் உமா. திறந்தேன். "எடது காலாலயும் மிதிங்க. அது போட்டும். போறது வரை மிதிங்க." மிதித்தேன். கால் கனத்தது, பிறகு எரிந்தது, பிறகு இல்லாமல் போயிற்று. வழக்கமாக அந்த இடத்தில் நான் வலது பக்கம் ஓடிவிடுவேன். இந்தத் தடவை ஓட விடவில்லை. இல்லாத காலால் மிதித்துக்கொண்டே இருந்தேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, என் சத்தம் மாதிரியே இல்லை. அழுதேன். வலியால் இல்லை. இது இத்தோடு போய்விடும், இனி ஒரு மலையிலும் யாருக்கும் முன்னால் நான் இருக்கமாட்டேன் என்று ஒரு பயம் வந்தது. மாதக்கணக்கில் எனக்குள் ஒன்றும் இருந்ததில்லை, அன்றைக்கு அந்தப் பயம் இருந்தது. எனக்கு இந்த வேலை வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இடது கணுக்காலின் அழுத்தம் வலதில் பாதிகூட இல்லை. டாக்டர் உமாவின் தோளைத் தட்டினார்.

பிறகு கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் ஸ்கேன். மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடாகி, உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டதுபோல் இருக்கும். போகவில்லை, பயப்பட வேண்டாம். காலை நீட்டி ஒரு படம், சைக்கிளில் குனிந்து உட்காருவதுபோல் மடக்கி ஒரு படம். நீட்டியபோது குழாய் நேராக இருந்தது. மடக்கியபோது இடுப்புக்குப் பக்கத்தில், தோட்டத்து ரப்பர் குழாய் மடங்குவது மாதிரி மடங்கியிருந்தது. வருஷக்கணக்காகக் குனிந்தே மிதித்ததில் அந்த இடத்தில் உள் சுவர் தடித்துப்போயிருந்தது. ஓய்வாக இருக்கும்போது போகிற ரத்தம் போதும். மலையேறும்போது போதாது.

எங்கள் மூவரையும் உட்காரவைத்து டாக்டர் மினி சொன்னார். "மணி, தெளிவா சொல்றேன். நீங்க ரேஸை விட்டாச்சுன்னா இது நோயே இல்லை. நடக்கலாம், படி ஏறலாம், எண்பது வயசு வரை கொழப்பமில்ல. எங்கிட்ட வரவே வேண்டாம். ரேஸ் வேணும்னா வயித்துக்குக் கீழ தொறந்து, குழாயைச் சுத்தம் பண்ணி, உங்க காலிலேருந்தே ஒரு ரத்தக்குழாய்த் துண்டு எடுத்து ஒட்டுப் போடணும். நல்லாத்தான் வரும். ஆனா ரத்தம் கட்டிப்போக வாய்ப்பு உண்டு. கட்டினா காலு போகவும் செய்யும். சின்ன வாய்ப்புதான். இல்லைன்னு நான் சொல்லமாட்டேன்."

"அப்பம் இவனுக்குக் காலுல நோய் இல்ல" என்றார் அப்பா. "சைக்கிள்லதான் நோயி. லேய், அத வித்துப்போட்டுக் கடைக்கு வா டே. எனக்கும் ஒரு ஆளு வேணும்லா."

உமா அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"வேண்டாம். நல்லா இருக்க காலக் கொண்டு போயி எதுக்குக் கீறணும்? எனக்கு உங்க காலு முழுசா வேணும்."

"அன்னைக்கி நீதான திரும்பக் கூட்டிட்டுப் போன?"

"என்னன்னு தெரியணும்னுதான் கூட்டிட்டுப் போனேன். வெட்டுறதுக்கா கூட்டிட்டுப் போனேன்?"

அவள் சொன்னது எல்லாமே சரி. ஆப்பரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே ஆட்டோக்காரர்கள் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தாள். பிறகு வந்து சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அணியின் இன்சூரன்ஸ் பந்தயத்தில் விழுந்து அடிபட்டால்தான் தரும். நான் விழவில்லை. உமா தன் ஆபீஸ் இன்சூரன்சைப் பிடித்து உலுக்கியதில் பெரும்பகுதி வந்தது, மீதியை அப்பா கட்டினார். எவ்வளவு என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆப்பரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தூங்கினேன், விழித்தேன். ஐ.சி.யூ.வில் என் இடது பாதத்தின் மேல் நீல மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் பாதத்துக்கு வரும் நாடி துடிக்கும். நர்ஸ் அடிக்கடி வந்து பேனா மாதிரி ஒரு கருவியை அங்கே வைப்பார். உஸ், உஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் வரும். சத்தம் வந்தால் கால் இருக்கிறது என்று அர்த்தம். உமாவை உள்ளே விடும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், நேரே போய் பாதத்தைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பின்ன இல்லாம?" என்றாள். எனக்குப் பயம் இல்லை. சைக்கிள் மேல் வந்த அந்தப் பயம் எங்கே போயிற்றோ, மறுபடி எல்லாம் மந்தமாகிவிட்டது. இரவில் அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டு கிடப்பேன், வந்ததும் தூங்கிவிடுவேன்.

வார்டுக்கு வந்த பிறகு ஜிதின் பார்க்க வந்தான். பந்தயத்தில் அவன் மூன்றாவது வந்திருந்தான். நான் கடைசிவரை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் பேசவில்லை. என் இடத்துக்கு இந்த வருஷம் ஒரு புது ஆளை எடுத்திருப்பதாகச் சொன்னான். "நல்ல பையன்தான். பட்சே பாட்டில் கொண்டு வரும்போ பாதியைக் கீழ போடுவான். நீ திரும்ப வந்தா மதி, அது போதும்" என்றான். அப்பா அவனுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்து, போகும்போது டம்ளரையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து வாரக்கணக்கில் இடுப்பை அதிகம் மடக்கக் கூடாது. தாழ்வான நாற்காலி கூடாது, தரையில் உட்காரக் கூடாது. உமா கட்டிலுக்கு நான்கு செங்கல் வைத்து உயர்த்தினாள், காலையில் மீட்டிங்கில் பேசிக்கொண்டே எனக்குச் சாக்ஸ் மாட்டிவிடுவாள். தையல் பிரித்த பிறகு ஒரு விஷயம் தெரிந்தது. இடது தொடையின் முன்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு மேல், தோலில் உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது, வெந்நீர் ஊற்றினாலும் தெரியாது. அறுக்கும்போது தோலுக்குப் போகும் ஒரு சின்ன நரம்பு போயிருக்கும், தசைக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்றார் டாக்டர் மினி. மிதிப்பதற்கு அது தடையில்லை என்றார். மிதிப்பதற்குத் தடையில்லை என்றால் எனக்கும் தடையில்லை என்று நினைத்தேன். உமாவிடம் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

மெதுவாகத் தொடங்கினேன். முதலில் சமதளம், கோவளம் பைபாஸில் விடிகாலையில். பிறகு சின்ன மேடுகள். போன வாரம் மறுபடி அதே அறையில், அதே ஸ்டாண்டில், டாக்டர் முன்னால் மிதித்தேன். வாயைத் திறந்துகொண்டு, இரண்டு காலாலும். இரண்டும் ஒன்றுபோல எரிந்தன, ஒன்றுகூட என்னை விட்டுப் போகவில்லை. கணுக்கால் அழுத்தம் இரண்டிலும் ஒன்றுதான்.

துடைத்துக்கொண்டு வந்து டாக்டர் மேஜைக்கு எதிரே நானும் உமாவும் உட்கார்ந்தோம். டாக்டர் திரையில் பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தாமஸ் சாரிடம் சொல்லலாம், அடுத்த சீசனில் ஓட்டலாம், மலையும் ஏறலாம் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே இருந்தது. குணமாகும்போது எப்படி இருக்கவேண்டும் என்று நினைத்திருந்தேனோ அப்படியே இருந்தது. எத்தனை நாளில், எந்த ஏற்றம், எவ்வளவு தூரம் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அடுத்து உமாவிடம் ஏதோ சொல்வதற்காகத்தான் திரும்பினேன்.

அவள் கை என் இடது தொடையின் முன்பக்கம், உணர்ச்சி இல்லாத அந்த இடத்தில் இருந்தது. சும்மா வைக்கவில்லை, விரல் மூட்டெல்லாம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.